நீலியைத் தட்டிப் பார்த்த நாள்

படகுத்துறைக்கு வந்து என் வீட்டுக்காரரைப் பெயர் சொல்லிக் கேட்டால் ஒருத்தருக்கும் தெரியாது. 'தட்டுக்காரர் எங்கே?' என்று கேளுங்கள், கேட்டில் படுத்திருக்கும் நாய்கூட எழுந்து வந்து வழி காட்டும்.

பழைய பாய்மரப் படகு வாங்க வருகிறவர்கள் பணத்தைக் கொடுப்பதற்கு முன்னால் இவரைக் கூப்பிடுவார்கள். இவர் ஒரு சின்னச் சுத்தியலும் ஒரு சாக்பீஸும் எடுத்துக்கொண்டு போவார். இப்போதைய படகெல்லாம் ஃபைபர்தான். மேலே ஒரு தகடு, கீழே ஒரு தகடு, நடுவில் மரம். எங்கேயாவது ஒரு ஆணி ஓட்டை வழியாகத் தண்ணீர் புகுந்துவிட்டால் நடுவில் இருக்கும் மரம் ஊறி மக்கிப் போகும். வெளியே பார்த்தால் ஒன்றும் தெரியாது, பெயின்ட் பளபளவென்று இருக்கும். அதைத் தட்டித்தான் கண்டுபிடிக்க வேண்டும். 'டக்' என்று கணீரென வந்தால் அந்த இடத்தில் ஒரு கோடு போடுவார். 'தொப்' என்று வந்தால் ஒரு வட்டம். அதற்கு மேல் எழுதித் தரவும் மாட்டார், விளக்கவும் மாட்டார். "படகு மேலயே எழுதியிருக்கேன், படிச்சுக்கோங்க" என்று சொல்லிவிட்டு டீ குடிக்கப் போய்விடுவார்.

எனக்கும் அங்கேதான் வேலை. கிரேன் ஷெட்டுக்கு மாடியில் ஒரு நீள அறை, அதில் ஒரு பெரிய தையல் மெஷின். கிழிந்த படகுப் பாய்களைத் தைக்கிறேன். இவர் படகைத் தட்டும்போது நான் அதன் பாயை விரித்துப் பார்த்துச் சொல்வேன். ஊருக்கு உழைக்கிற ஜோடி. சொந்தமாக ஒரு தெப்பம்கூட இல்லை.

தட்டுகிற பழக்கம் அவருக்கு வேலையோடு நிற்பதில்லை. கதவைத் தட்டுவார், தர்பூசணியைத் தட்டுவார், சாப்பிட உட்கார்ந்தால் தட்டைத் தட்டுவார். என்னைப் பெண் பார்க்க வந்த அன்றைக்கு எங்கள் வீட்டு ஹாலில் உட்கார்ந்துகொண்டு, பின்னால் இருந்த சுவரை விரலால் மெதுவாகத் தட்டிக்கொண்டே இருந்தார். சமையலறையிலிருந்த அப்பா யாரோ கதவைத் தட்டுகிறார்கள் என்று மூன்று தடவை போய் வாசலைத் திறந்து பார்த்தார். "மாப்பிள்ளைக்குக் கொஞ்சம் கழண்டிருக்குமோ" என்று அம்மா என் காதில் கேட்டாள். "கழண்டிருந்தா இறுக்கிக்கலாம்" என்றேன். அன்றைக்குச் சொன்ன வாய்க்கு இன்றைக்கு வரை இறுக்கிக்கொண்டிருக்கிறேன்.

இப்படி எதைக் கண்டாலும் தட்டுகிற மனுஷன் தட்டாத ஒரு படகு இருந்தது. துறையின் கடைசியில், வேலியை ஒட்டி, இரும்புத் தாங்கிகள் மேல் நின்றது. ஓய்வு பெற்ற டீச்சர் ஒருவருடையது. வயிறு முழுக்க நீல பெயின்ட் என்பதால் துறையில் எல்லோரும் அதை 'நீலி' என்றே சொல்வார்கள். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் நானும் இவரும் நீலியின் நிழலில் போய் உட்காருவோம். பிளாஸ்கில் டீ இருக்கும். முன்பக்கம் இரண்டு பேர் படுக்கலாம், அடுப்பு இந்தப் பக்கம் வைத்தால் புகை போய்விடும், திரைக்கு நான் மஞ்சள் துணி தைப்பேன் என்று பேசிக்கொண்டே இருப்போம். வாங்க ஆசை. கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்துக்கொண்டும் இருந்தோம். கல்லடி பட்டாலும் கண்ணடி படக் கூடாது என்று ஒரு ஆளிடமும் மூச்சு விடவில்லை.

"ஒரு தடவை தட்டித்தான் பாருங்களேன்" என்று நான் சொன்னால் கையைப் பின்னால் கட்டிக்கொள்வார்.

"வாங்குற அன்னைக்குத் தட்டிக்கலாம். இப்பவே எதுக்கு?"

பயம். 'தொப்' என்று கேட்டுவிடுமோ என்று பயம். ஊரான் படகென்றால் ஈவு இரக்கம் இல்லாமல் வட்டம் போடுகிறவர், ஆசைப்பட்ட படகை விரலால் தொடப் பயந்துகொண்டு, டீச்சரிடம் விலை கேட்கவும் பயந்துகொண்டு, இந்த வருஷம் அடுத்த வருஷம் என்று தள்ளிப் போட்டுக்கொண்டிருந்தார். எனக்கு அதில் கோபம்தான். ஆனால் என்ன செய்ய, கழண்டது தெரிந்துதானே கட்டிக்கொண்டேன்.

இனி என் தங்கையைப் பற்றிச் சொல்ல வேண்டும். நல்லவள். அதுதான் இன்னும் எரிச்சல்.

பிறந்ததிலிருந்தே கொடுத்து வைத்தவள். நான் சைக்கிள் கேட்டுக் கேட்டு வாய் வலித்துப் போனது. கடைசியில் வீட்டுக்கு சைக்கிள் வந்தபோது நான் 'பெரிய பொண்ணு', இனிமேல் ஓட்டினால் நன்றாக இருக்காது என்று சொல்லி அவளிடம் கொடுத்தார்கள். அவள் கேட்கவே இல்லை! ஜன்னலோரக் கட்டில் அவளுக்கு, சளி பிடிக்கிற உடம்பாம். எனக்குச் சளியே பிடிக்காதா? கல்யாணமும் அப்படித்தான். மெத்தைக் கடைக்காரர் மாப்பிள்ளை, பால்கனியில் நின்றால் கடல் தெரிகிற வீடு. நான் நாளெல்லாம் கடலோரத்தில் இருக்கிறேன், என் ஜன்னலைத் திறந்தால் கிரேனின் பின்பக்கம் தெரியும். ஆசை இருக்கு தாசில் பண்ண, அதிர்ஷ்டம் இருக்கு கழுதை மேய்க்க.

அவள் ஒரு நாள் தையல் மாடிக்கு ஏறி வந்தாள். மூச்சு வாங்கியது, முகமெல்லாம் சிரிப்பு.

"அக்கா, நாங்க படகு வாங்கப் போறோம்! மாமா வந்து தட்டிப் பாத்துச் சொல்லணும். அவர் சரின்னு சொன்னாத்தான் வாங்கணும்னு இவர் ஒரே பிடிவாதம்."

"நல்ல விஷயம்தானே. எந்தப் படகு?"

"அதான், கடைசியில வேலியோரமா நிக்குமே, நீலமா. அந்த டீச்சர் நேத்துதான் விற்பனைக்குன்னு போர்டு மாட்டினாங்களாம். இவர் பிள்ளைங்களோட நடக்கப் போனப்ப பாத்துட்டு வந்துட்டாரு."

மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. நூல் அறுந்ததுகூடத் தெரியாமல் வெறும் ஊசியால் அரை கெஜம் தைத்துவிட்டேன். உலகத்தில் வேறு படகே இல்லையா? கடல் நிறையப் படகு கிடக்கிறதே, இவளுக்கு என் நீலிதான் கிடைத்ததா? வயிறு எரிகிறது என்று சொல்வார்களே, சும்மா சொல்கிறார்கள் என்று நினைத்திருந்தேன். நிஜமாகவே எரியும். இங்கே, விலாவுக்குக் கீழே.

"மாமாகிட்ட சொல்றேன்" என்றேன்.

சொன்னேன். அவர் சாப்பிட்டு முடிக்கும்வரை தட்டைத் தட்டவே இல்லை. அதற்குப் பிறகு, "என்கிட்டதானே கேட்டிருக்காங்க. போய்த்தான் ஆகணும்" என்றார்.

"நீங்க ஒரு வார்த்தை சொன்னா அவங்க வாங்க மாட்டாங்க" என்றேன். வாய் தவறி வந்துவிட்டது என்று பொய் சொல்ல மாட்டேன். யோசித்துத்தான் சொன்னேன்.

அவர் என்னைப் பார்த்த பார்வையில் நான் எழுந்து பாத்திரம் கழுவப் போனேன்.

மறுநாள் காலையில் எல்லோரும் நீலியின் அடியில் நின்றோம். டீச்சர் சாவியைக் கொடுத்துவிட்டு, "நான் பக்கத்துல நின்னா நீங்க தயக்கப்படுவீங்க" என்று அலுவலக அறைக்குப் போய்விட்டார். தங்கையின் வீட்டுக்காரர் ஷூவைக் கழற்றி வைத்துவிட்டு ஏணியில் ஏறினார். மனுஷன் எதைப் பார்த்தாலும் உள்ளங்கையால் அமுக்கிப் பார்ப்பார், மெத்தைக் கடைப் பழக்கம். சோபாவை அமுக்குவார், பன்னை அமுக்குவார், எங்கள் வீட்டுக்கு வந்தால் என் தலையணையை அமுக்கிப் பார்த்து வருத்தப்படுவார். மேல்தளம் முழுக்க முட்டி போட்டு அமுக்கிக்கொண்டே போனவர் பாய்மரத்துக்குப் பக்கத்தில் போனதும் சத்தம் போட்டார்.

"அண்ணி! இந்த இடம் எவ்வளவு மெத்துனு இருக்கு தெரியுமா? படுத்தா அப்படியே தூக்கம் வரும்!"

"படுங்க தம்பி, படுங்க. உங்களுக்கு எங்க படுத்தாலும் தூக்கம் வரும்" என்றேன்.

நான் கீழே தார்ப்பாய் விரித்து நீலியின் பாயைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வெயிலுக்கு எதிரே தூக்கிப் பிடித்து ஊசி ஓட்டை தெரிகிறதா என்று தேடினேன். தையல் பிரிந்திருக்கிறதா என்று நகத்தால் நெம்பிப் பார்த்தேன். நல்ல பாய். டீச்சர் பார்த்துப் பார்த்து வைத்திருக்கிறார். ஒரு ஓரத்தில் மட்டும் சின்னதாக ஒட்டுப் போட வேண்டும். இவ்வளவு நல்ல பாயைப் பார்த்து எனக்கு அழுகை வந்தது அதுதான் முதல் தடவை.

இவர் தட்ட ஆரம்பித்தார். டக் என்று ஒரு சத்தம் வரும் என்று காத்திருந்தேன். தொப். ஒரு வட்டம் போட்டார். பக்கத்தில் தட்டினார். தொப். இன்னொரு வட்டம். நகர்ந்து நகர்ந்து தட்டிக்கொண்டே போனார். வட்டம், வட்டம், வட்டம். எனக்கு முதலில் ஒரு சந்தோஷம் வந்தது, மறைக்க என்ன இருக்கிறது. 'நல்லா வேணும், வாங்கு, மக்கின படகை வாங்கு' என்று மனசுக்குள் ஒரு ஆட்டம் போட்டேன். கொஞ்ச நேரத்தில் அந்த ஆட்டம் நின்றுவிட்டது. நீலியின் ஒரு பக்கம் முழுக்க வட்டம். இவ்வளவு மக்கிய படகு தாங்கி மேல் நிற்கவே நிற்காது, உளுத்த பூசணி மாதிரி உட்கார்ந்திருக்கும்.

கிரேன்காரர் டீ கிளாஸோடு அந்தப் பக்கம் வந்தார். துறையில் எங்களுக்கு ரொம்ப வருஷப் பழக்கம். நீலியைப் பார்த்துவிட்டு நின்றார்.

"என்னண்ணே, படகுக்கு அம்மை போட்டிருக்கா?"

என் தங்கை கையைக் கட்டிக்கொண்டு நின்றாள்.

"மாமாவுக்கு நாங்க வாங்குறது பிடிக்கலை போலிருக்கு" என்றாள். மெதுவாகத்தான் சொன்னாள், கிரேன்காரர் காதில் விழுந்துவிட்டது. அவர் பார்வை என் வீட்டுக்காரர் மேல் போனது, பிறகு என் மேல் வந்தது. இந்தத் துறையில் 'தட்டுக்காரர் சொன்னா சொன்னதுதான்' என்பதைத் தவிர எங்களுக்கு வேறு சொத்து கிடையாது. அது அந்த ஒரு பார்வையில் ஆட ஆரம்பித்தது.

இவர் சுத்தியலைக் கீழே வைத்துவிட்டு என்னைத் தனியாக வேலியோரம் கூப்பிட்டார். நெற்றியெல்லாம் வியர்வை.

"எங்க தட்டினாலும் தொப்புனுதான் கேக்குது. நான் வேணும்னு பண்ணலை. சத்தியமா கேக்குது."

"நான் ஒண்ணும் சொல்லலையே."

"அது உண்மையா, என் வயித்தெரிச்சலான்னு எனக்கே தெரியலைம்மா. உண்மையா இருந்து, பொறாமைன்னு நினைச்சுக்கிட்டு நான் நல்லதுன்னு சொல்லிட்டேன்னு வை, பிள்ளைங்களோட கடல்ல போறவங்க அவங்க. பொய்யா இருந்து வட்டம் போட்டேன்னா நான் இனிமே எந்த முகத்தோட சுத்தியலைத் தூக்குறது? என் காது போயிடுச்சு."

கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவர் இப்படிப் பேசி நான் கேட்டதில்லை. எனக்கு வந்த கோபத்தில், 'முன்னாடியே வாங்கியிருந்தா இந்தக் கதியா?' என்று கேட்கத்தான் வாயைத் திறந்தேன். மூடிக்கொண்டேன்.

அவர் ஈரத் துணியை எடுத்து எல்லா வட்டத்தையும் துடைத்தார். நீலிக்குப் பக்கத்திலேயே, ஒரு ஆள் நுழையும் இடைவெளியில், அதே அச்சில் வார்த்த வெள்ளைப் படகு ஒன்று நின்றது. போன மாதம்தான் இவர் தட்டி, முழுக்கக் கோடு போட்டு, வேறு ஒருவருக்கு வாங்கிக் கொடுத்தது. இரண்டுக்கும் நடுவில் ஒரு பெயின்ட் டப்பாவைக் கவிழ்த்துப் போட்டு, வேலியைப் பார்த்து உட்கார்ந்துகொண்டார். என் தோளில் கிடந்த துணியை வாங்கிக் கண்ணைக் கட்டிக்கொண்டார்.

"நீ தட்டு. எந்தப் படகுன்னு சொல்லாதே. மாத்தி மாத்தித் தட்டு. இந்தச் சந்துல சத்தம் எந்தப் பக்கத்துல இருந்து வருதுன்னு பிரிச்சுச் சொல்ல முடியாது. நான் நல்லது கெட்டது மட்டும் சொல்றேன்." பிறகு என் தங்கை நின்ற திசையில், "நீங்க ரெண்டு பேரும் அந்தப் படகுல ஒரு தடவை, இந்தப் படகுல ஒரு தடவைன்னு ஏறி இறங்கிட்டே இருங்க. காலடிச் சத்தத்தை வச்சு நான் கண்டுபிடிச்சிடக் கூடாது" என்றார்.

சுத்தியலை என் கையில் கொடுத்தார்.

இங்கே ஒரு விஷயம் சொல்ல வேண்டும். கல்யாணமான புதிதில் அவர் எனக்குத் தட்டிக் காட்டியிருக்கிறார். சுத்தியலை விரலில் தளர்வாகப் பிடிக்க வேண்டும், தட்டியதும் அது தானாகத் துள்ள வேண்டும். இறுக்கிப் பிடித்து ஒரு அமுக்கு அமுக்கினால் நல்ல இடமும் செத்த சத்தம்தான் போடும். அதாவது, நீலியைத் தட்டும்போது மட்டும் நான் கொஞ்சம் இறுக்கினால் போதும். யாருக்கும் தெரியாது. காது அவருடையது, பழியும் வராது. தங்கை வேறு படகு பார்த்துக்கொள்வாள், நீலி வேலியோரத்திலேயே நிற்பாள், அடுத்த வருஷம் நாங்கள்.

கை நிஜமாகவே இறுகியது. நான் அவரைப் பார்த்தேன். பெயின்ட் டப்பா மேல் முதுகைக் காட்டிக்கொண்டு, கண்ணைக் கட்டிக்கொண்டு, தலையை ஒரு பக்கம் சாய்த்து உட்கார்ந்திருந்தார். சட்டைக் காலர் பின்னால் நைந்திருந்தது, திருப்பித் தைக்க வேண்டும் என்று நான் சொல்லிக்கொண்டே இருந்த காலர். படுபாவி மனுஷன், யார் கையில் கொடுக்கிறோம் என்று கொஞ்சம் யோசிக்க வேண்டாமா? என் குணம் தெரியாதா?

விரலைத் தளர்த்திக்கொண்டு தட்டினேன். டக்.

"நல்லது" என்றார்.

நீலியைத்தான் தட்டியிருந்தேன். இந்தப் பக்கம் திரும்பி வெள்ளையைத் தட்டினேன். நல்லது. மறுபடி நீலி. நல்லது. கீழிருந்து மேல், முன்னால் இருந்து பின்னால். கொஞ்சம் முன்பு வட்டம் போட்டிருந்த இடமெல்லாம் நல்லது, நல்லது, நல்லது. ஒவ்வொரு நல்லதுக்கும் நான் நீலி மேல் ஒரு கோடு போட்டேன். ஒவ்வொரு கோட்டுக்கும் எங்கள் மஞ்சள் திரை ஒரு முழம் தள்ளிப் போனது. கைக்கு எட்டினது வாய்க்கு எட்டவில்லை என்பது இதுதான்.

மேல்தளத்துக்கு ஏறினேன். தங்கையும் அவள் வீட்டுக்காரரும் பக்கத்துப் படகில் தொம் தொம்மென்று நடந்துகொண்டிருந்தார்கள். பாய்மரத்துக்குப் பக்கத்தில் தட்டினேன். தொப்.

"கெட்டது."

தளர்வாகத்தான் பிடித்திருந்தேன். பயந்துபோய் இன்னும் தளர்த்திக்கொண்டு தட்டினேன். "கெட்டது." இறங்கி, வெள்ளைப் படகில் ஏறி, அதே இடத்தில் தட்டினேன். "நல்லது." மறுபடி நீலிக்கு வந்தேன். "கெட்டது. பாய்மரத்தடிதானே? கெட்டது."

நான் வட்டம் போட்டேன். நிமிர்ந்தால் என் தங்கை ஏணி மேல் நின்று என் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நீ இறுக்கிப் பிடிச்சே" என்றாள்.

"என்னடி சொல்றே?"

"சுத்தியலை இறுக்கிப் பிடிச்சுத் தட்டினா சத்தம் செத்துடும்னு நீதானே ஒரு தடவை எனக்குச் சொன்னே? எனக்குத் தெரியும்க்கா. சின்ன வயசுல இருந்து நான் எதை எடுத்தாலும் உனக்கு முகம் மாறும்."

ஒழுங்காக இருந்த ஒரே ஒரு வேளையில் திருட்டுப் பட்டம்! எனக்கு உச்சந்தலை சூடாகிவிட்டது.

"ஆமாடி, எனக்குப் பொறாமைதான்! எரியுதுதான்! இந்தப் படகுக்கு அடியில நாங்க எத்தனை ஞாயித்துக்கிழமை உக்காந்திருக்கோம்னு உனக்குத் தெரியுமா? ஆனா நான் இறுக்கலை. இறுக்கணும்னு நினைச்சேன், இறுக்கலை. நம்பினா நம்பு, நம்பாட்டி போ!"

தங்கை வாய் திறந்தபடி நின்றாள்.

"நீங்க வாங்கறதா இருந்தீங்களா? சொல்லியிருக்கலாமேக்கா!"

"சொன்னா கண்ணு பட்டுடும்னு சொல்லலை."

"யார் கண்ணு?"

"உன் கண்ணுதான்!"

கிரேன்காரருக்கு டீ புரையேறியது. அதற்குள் தங்கையின் வீட்டுக்காரர் இந்தப் படகுக்குத் தாவி, வட்டத்துக்குப் பக்கத்தில் முட்டி போட்டிருந்தார். உள்ளங்கையை வைத்து அமுக்கினார். கையை எடுத்துவிட்டு மறுபடி அமுக்கினார். முகம் மாறியது.

"அண்ணி சொல்றது சரிதான். நான் காலையில மெத்துனு இருக்குன்னு சந்தோஷப்பட்டேன் பாரு, என்னைச் சொல்லணும். நல்ல மெத்தை அமுக்கினா திரும்ப எழும்பும். இது எழும்பலை. உள்ள செத்துப் போச்சு."

கீழே என் வீட்டுக்காரர் கண்ணைக் கட்டியிருந்த துணியை அவிழ்த்துவிட்டு, தன் வலது கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். உள்ளங்கையில் சுத்தியல் பிடியின் தடம் சிவப்பாக, அப்படியே வரி விழுந்திருந்தது.

"காலையில இருந்து கை வலிக்குது. ஏன்னு இப்பதான் புரியுது" என்றார். "காதுக்கு ஒண்ணுமில்லை. கைதான் பொறாமைப்பட்டிருக்கு."

வாழ்நாள் முழுக்கச் சுத்தியலைத் தளர்வாகப் பிடித்த மனுஷன். அன்றைக்கு நீலியின் கழுத்தை நெரிக்கிற மாதிரிப் பிடித்திருக்கிறார், தெரியாமலே. எனக்குச் சிரிப்பும் வந்தது, அவர் கையைப் பார்க்கவும் முடியவில்லை.

தங்கையின் வீட்டுக்காரர் ஏணியில் இறங்கி வந்தார். ஷூவைக்கூடப் போடவில்லை.

"அண்ணே, எங்களுக்குத் தெரியாது. தெரிஞ்சிருந்தா இந்தப் பக்கமே வந்திருக்க மாட்டோம். நீங்களே எடுத்துக்கோங்க. மனசார சொல்றேன்."

நான் மூச்சைப் பிடித்துக்கொண்டேன். ஆமாம் என்று சொல்லுங்கள், சொல்லித் தொலையுங்கள் என்று மனசு கத்தியது. அவர் கிரேன்காரரைப் பார்த்தார். அலுவலக வாசலில் வந்து நின்ற டீச்சரைப் பார்த்தார். அப்புறம் கடைசியாக நீலியைப் பார்த்தார்.

"வேண்டாம் சகலை. தட்டப் போன படகுல வட்டமும் போட்டுட்டு அதை நானே வாங்கினா, நாளைக்கு என் வட்டத்தை எவன் நம்புவான்? நீங்க வாங்குங்க. நல்ல படகு. அந்த ஒரு இடத்தை வெட்டி எடுத்துட்டு மரம் மாத்தணும், நானே மாத்தித் தரேன். மாத்தாம இறக்காதீங்க, பாய்மரம் தலையில வந்து விழும்."

அவ்வளவுதான். அவர் வழக்கம்போல டீ குடிக்கப் போனார். நான் பாயை மடித்தேன். தனியாக மடிக்க முடியாத அளவு பெரிய பாய், மறுமுனையைத் தங்கை பிடித்தாள், இரண்டு பேரும் முகத்தைப் பார்த்துக்கொள்ளாமல் மடித்து முடித்தோம்.

நீலியை அவர் சரி செய்தார். பாயின் ஓரத்தில் நான் ஒட்டுப் போட்டேன். நன்றாகவே போட்டேன், வயிற்றெரிச்சலை ஊசியில் காட்டக் கூடாது. இப்போதும் அவருக்கு ஒரு படகு ரொம்பப் பிடித்துவிட்டால், அல்லது விற்கிறவனைப் பிடிக்காவிட்டால், சுத்தியலை என்னிடம் கொடுத்துவிட்டுத் திரும்பி உட்கார்ந்துகொள்வார். 'தட்டுக்காரர் இன்னைக்கு வீட்டம்மாவைத் தட்ட விட்டிருக்காரு, படகு நல்ல படகு போல' என்று துறையில் கேலி பேசுகிறார்கள். பேசட்டும்.

நீலியைத் தண்ணீரில் இறக்கிய அன்றைக்கு எங்களையும் கூப்பிட்டார்கள். இவர் படகில் ஏற மாட்டேன் என்று கயிற்றை அவிழ்த்துவிடும் வேலையை எடுத்துக்கொண்டார். நீலி தண்ணீரில் உட்கார்ந்த அழகு இருக்கிறதே, அதைப் பற்றி நான் பேச மாட்டேன். தங்கையின் வீட்டுக்காரர் சுக்கானைப் பிடித்துக்கொண்டார். அவள் ஒரு கயிற்றைத் தொட்டாள்.

"நீ விடு, உனக்குத் தெரியாது. சும்மா உக்காந்து காத்து வாங்கு" என்றார் அவள் வீட்டுக்காரர். கோபமாக இல்லை, அன்பாகத்தான் சொன்னார்.

அவள் இன்னொரு கயிற்றில் கை வைத்தாள். அதற்கும் அதே பதில். குழந்தைகளை ஏற்றிக்கொண்டு அவர்கள் முதல் சுற்றுக்குக் கிளம்பும்போது, தலை சுற்றுகிறது என்று சொல்லி அவள் இறங்கிவிட்டாள். என் பக்கத்தில் வந்து நின்றாள். நான் தைத்த ஒட்டு வெயிலில் தெரிய, நீலி போய்க்கொண்டிருந்தது.

"உனக்கு எங்க தலை சுத்துச்சு?" என்றேன்.

அவள் காற்றில் பறந்த முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள்.

"அன்னைக்கு மாமா கண்ணைக் கட்டிக்கிட்டு உக்காந்தாரு பாரு, சுத்தியலை உன் கையில கொடுத்துட்டு. உன் குணம் அவருக்குத் தெரியும். நீ இந்தப் படகு மேல எவ்வளவு ஆசையா இருந்தேன்னும் தெரியும். அப்படியும் கொடுத்தாரு" என்றாள். "இவர் எனக்கு எல்லாம் வாங்கித் தருவாருக்கா. எதையும் என் கையில தர மாட்டாரு. அன்னைக்கு உங்களைப் பாத்ததுல இருந்து எனக்கு வயிறு எரியுது."

ஒரு அக்கா இந்த இடத்தில் தங்கையின் தோளில் கை போட்டு ஆறுதல் சொல்ல வேண்டும். எனக்குத் தெரியாமல் இல்லை. சைக்கிள், ஜன்னலோரக் கட்டில், பால்கனி, நீலி எல்லாம் வரிசையாக என் கண் முன்னால் வந்து போயின. கொஞ்சம் தள்ளி, கயிற்றைச் சுருட்டிக்கொண்டிருந்த மனுஷன் எங்களுக்கு முதுகைக் காட்டி நின்றார். அவர் காலரை நான் இன்னும் திருப்பித் தைக்கவில்லை.

"காத்துல சரியாக் கேக்கலை" என்றேன். "இன்னொரு தடவை சொல்லு."